பழைய கோணலா, புதுக் கோணலா?

பொங்கலுக்கு ஒரு கிழமை இருக்கும்போது அத்தை வீட்டு உள்கதவுக்கு பீடிங் அடிக்க பாஸ் மாமா வந்தார். இறம்பொடை ரோட்டிலிருந்து அரை மணித்தியாலம் மேலே ஏறினால் வரும் லயம். நான் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், என் வேலை அவ்வளவுதான். மாமா முதலில் உயரத்தையும் எடுக்கல, அகலத்தையும் எடுக்கல. இடது மேல்மூலையிலிருந்து வலது கீழ்மூலைக்கு ஒரு அளவு, வலது மேல்மூலையிலிருந்து இடது கீழ்மூலைக்கு இன்னொரு அளவு. நிலை சரியாக இருந்தால் ரெண்டும் ஒன்றாக வரணும். ஒன்றரை அங்குலம் வித்தியாசம் வந்தது. அப்புறம் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். நிலையின் தலை ரெண்டு அங்குலம் பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்திருந்தது.

அத்தையைப் பார்த்துக் கேட்டார்: "தங்கச்சி, இது பழைய கோணலா, புதுக் கோணலா?"

"எப்பவும் அப்படித்தானேண்ணே இருக்கு."

"போன புயலுக்கு முந்தியும் கதவு இப்படித்தான் இறுகுச்சா?"

அத்தை யோசித்தார். பதில் வரல. மாமா வெட்டிக்கொண்டு வந்த பீடிங்கை சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார். பொங்கலுக்குப் பெயின்ட் அடித்த வீட்டில் உள்கதவைச் சுற்றி மட்டும் வெடிப்பும் இடைவெளியும் அப்படியே தெரிந்தது. அத்தைக்கு அதில் கோபம். எனக்கு அந்தக் கேள்வி மண்டைக்குள் நின்றுவிட்டது. பழைய கோணல் என்றால் எவ்வளவு பழசு?

அந்த உள்கதவுக்கு வயது ஐம்பதுக்குக் கிட்டத்தான். லயத்துக்கோ நூறைத் தாண்டும். ஏனென்றால் லயத்தைக் கட்டியவர்கள் உள்கதவு என்று ஒன்றை யோசிக்கவே இல்லை.

லயக் காம்பராவின் கணக்கு நம்ம எல்லோருக்கும் மனப்பாடம்: பத்தடிக்குப் பன்னிரண்டடி, 120 சதுர அடி. முன்னால் ஒரு இஸ்தோப்பு, ஒரு கதவு, பல இடங்களில் ஜன்னல்கூட இல்லை. அதற்குள்ளேயே அடுப்பு, படுக்கை, பிரசவம், சாவு. (காம்பராவும் ஜன்னலும் போர்த்துக்கேயச் சொல், இஸ்தோப்பு ஒல்லாந்தர் விட்டுப்போனது, லயம் ஆங்கிலத்து லைன் மருவியது. பாஸ் மாமாவின் 'பாஸ்'கூட ஒல்லாந்தர் சொல்தான். கதவும் நிலையும் மட்டும்தான் தமிழ்.) ஒரு வீட்டுக்கு ஏன் ஒரே கதவு என்று கேட்டால் அது வீடாகக் கட்டப்படல என்பதுதான் பதில். அதற்குக் கோப்பிக் காலத்துக்குப் போகணும்.

இறம்பொடை கோப்பியின் பழைய பாதை. கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ரோட்டில் இருப்பதால் ஆரம்பத்திலேயே காடு வெட்டித் தோட்டமான பக்கம் இது. ரொத்சைல்ட் குடும்பத்துக்கு உறவான வோர்ம்ஸ் சகோதரர்கள் 1840களில் புசல்லாவையில் கோப்பி போட்டார்கள். அங்கேயும் இங்கே கொண்டகலையிலும் சீனத் தேயிலைக் கன்றைக்கூட நட்டுப் பார்த்தார்கள். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867இல்தான். ஆனால் வோர்ம்ஸ்களின் காலத்தில் பணம் கோப்பியில் இருந்தது. கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கிற சில மாதங்களுக்கு ஆள் வேணும், மற்ற நாளில் அவ்வளவு பேர் தேவையில்லை. மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், சேலம் பக்கமிருந்து கங்காணிக்குப் பின்னால் மன்னார்க் காடு வழியாக நடந்து வந்தவர்களில் பெரும்பாலோர் ஆம்பளைகள். பறித்து முடிந்ததும் திரும்பிப் போகணும் என்பதுதான் எல்லோருடைய எண்ணமும், துரையுடையதும்தான். திரும்பிப் போகிறவனுக்குக் கூரை போதும். மண்சுவரும் புல்லும் வைத்து வரிசையாக ஒரு கொட்டகை, ஒரு காம்பராவில் பல பேர். அதுக்குள்ள எந்த அறையிலிருந்து எந்த அறைக்குக் கதவு வைக்கிறது?

1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. அடுத்த இருபது வருஷத்தில் கோப்பி போய் தேயிலை வந்தது. தேயிலை வருஷம் முழுக்கக் கொழுந்து தரும், கொழுந்து எடுக்கப் பெண்கள் வேணும், பெண்கள் வந்தால் குடும்பம் வரும். வேலையின் தன்மையே மாறிவிட்டது. லயத்தின் அளவு மாறல. மண்சுவர் கருங்கல்லானது, புல் தகரமானது. செலவு குறைய ஒரே கூரைக்குக் கீழே முதுகோடு முதுகு ஒட்டி ரெண்டு வரிசை கட்டினார்கள். நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். பல லயங்களில் குறுக்குச் சுவர் கூரை வரைக்கும் போகாது, ஒரு காம்பராவின் புகையும் சண்டையும் அடுத்த காம்பராவுக்கும் சொந்தம். 1912இல் தொழிலாளர் நோய்கள் பற்றிய ஒரு சட்டம் வந்து லயத்தின் சுகாதாரத்தைக் கொஞ்சம் கவனித்தது. நோயாளி வேலைக்கு வரமாட்டானே என்ற கவலைதான் அதில் எனக்குத் தெரிகிறது. குடும்பம் எப்படி வாழும் என்ற கேள்வி அங்கேயும் இல்லை.

அதனால் உள்ளே மறைப்பு என்பது நம்ம ஆட்கள் தாங்களாகவே செய்துகொண்டது. முதலில் சேலை. மகள் பெரியவளானதும், மகனுக்குக் கல்யாணமானதும் ஒரு கயிறு கட்டி ஒரு பழைய சேலை. பிறகு சாக்கு. பிறகு தேயிலைப் பெட்டிப் பலகை. பெக்டரியில் கழித்த பெட்டியைப் பிரித்தால் மெல்லிய ஒட்டுப்பலகை கிடைக்கும், ஓரத்தில் தகரப்பட்டியோடு. மலையகத்தில் எத்தனை உள்தட்டிகள், சீலிங்குகள், கதவுகள் லண்டனுக்குப் போகாமல் நின்றுபோன தேயிலைப் பெட்டிகள் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. தேயிலைப் பெட்டி மறைந்து கடதாசிச் சாக்கு வந்தபிறகு அந்தப் பலகையும் போயிற்று.

அத்தை வீட்டு உள்கதவு சேலையாகவோ தட்டியாகவோ தொடங்கல. அது நடுச்சுவரை உடைத்து வைத்த கதவு. முதுகோடு முதுகு லயத்தில் பின்காம்பரா சின்னத் தாத்தாவுடையது, தாத்தாவின் தம்பி. ரெண்டு குடும்பமும் சுவரைத் தட்டித்தான் பேசிக்கொள்வார்களாம்.

1948ஆம் வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்ம ஆட்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அதற்கு முந்தின வருஷத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போயிருந்தார்கள். அதில் தலவாக்கலையில் வென்ற சி.வி. வேலுப்பிள்ளை எழுதிய ஒரு நாவலுக்குத் தலைப்பே 'வீடற்றவன்'. வாக்கு போனபிறகு வந்தது 1964 ஒக்டோபரின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று. அந்த மிச்சத்தை 1974இல் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். சொத்துப் பிரிக்கிற மாதிரிதான். தாத்தா இங்கே எழுதிக் கொடுத்தார், சின்னத் தாத்தா இந்தியாவுக்கு. 1970களின் நடுவில் அந்தக் குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் போய், கடைசியில் நீலகிரியில் இறங்கியது. தாயகம் திரும்பியவர்களுக்காகவே தமிழ்நாட்டு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் அங்கே இருந்தன, பிறகு டான்டீ ஆனவை. அங்கேயும் அவர்களுக்குக் கிடைத்தது லைன் வீடுதான். 1984இல் கப்பல் நிற்கும்போது மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் போயிருந்தார்கள்.

பின்காம்பரா காலியானது. தாத்தா கணக்கப்பிள்ளையிடம் கேட்டு, துரையின் காதுக்குப் போட்டு, நடுச்சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு வழி உடைத்தார். சபுக்கு மரத்தில் ஒரு நிலை. அப்பாயி பல நாள் அந்தப் பக்கம் போகலையாம். தம்பி பெண்டாட்டி அடுப்பு இருந்த இடத்தில் எப்படிப் படுக்கிறது என்று.

இப்போது ஒரு கேள்வி வரும். இத்தனை வருஷமும் ஏன் யாரும் நல்ல நிலையாக, நல்ல கதவாகப் போடல? நம்ம ஆட்களுக்குத் தொழில் தெரியாமலா? தோட்டத்தில் தச்சு பாஸும் மேசன் பாஸும் இருந்தார்கள், துரை பங்களாவின் தேக்கு நிலைகளை அவர்கள்தான் வைத்தார்கள், இன்றைக்கும் அவற்றில் பல அசையாமல் நிற்கிறது. ஆனால் லயத்துச் சுவர் நம்முடையது இல்லை. வேலை போனால் காம்பராவும் போகும். 1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தை, நம்மவர்கள் உருளவள்ளி என்று சொல்வது, அரசாங்கம் எடுத்துக் கிராமத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடிவு செய்தது. லயத்தை விட்டுப் போகமாட்டோம் என்று உட்கார்ந்த தொழிலாளர்கள்மீது அத்துமீறல் வழக்குப் போட்டார்கள். தன் காம்பராவில் இருந்ததற்கே! அதை எதிர்த்துப் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அப்படிப்பட்ட சுவரில் யார் தேக்கு நிலை வைப்பார்கள்? ஒப்பந்தத்துக்குப் பிறகு இன்னும் மோசம், நாளைக்குக் கப்பலேறப் போகிறவன் கதவுக்கு எதற்குச் செலவழிக்கணும், போகாதவனுக்கும் எது நிச்சயம்? 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் நிர்வாகம் கொம்பனிகளுக்கு வந்தது, பிறகு 53 வருஷக் குத்தகை. ஒவ்வொரு தடவையும் சுவரின் சொந்தக்காரர் மாறினார், உள்ளே இருந்தவர் மாறல. கூரைத்தகரத்துக்கு ஒருவரிடமும் இஸ்தோப்பை அடைக்க இன்னொருவரிடமும் கேட்டுக்கேட்டு, கேட்கத் தேவையில்லாத இடத்தில்தான் நம்ம ஆட்கள் கையைக் காட்டினார்கள்: உள்ளே. உள்கதவு, அதன் பெயின்ட், அதைச் சுற்றி ஒரு பீடிங்.

அதனால் கோணல் நிலைக்கு பீடிங் அடிப்பது எங்கள் பக்கத்து பாஸ்மாருக்குத் தனிக் கலை. மாமாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், யூடியூப்பில் சொல்வது எல்லாம் நேரான சுவருக்கு.

பீடிங்கின் வேலை நிலைக்கும் சாந்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை மூடுவது. நிலை சதுரமாக இருந்தால் மூலையில் ரெண்டு துண்டையும் 45 பாகையில் வெட்டிச் சேர்த்தால் போதும். எங்கள் நிலையில் ஒரு மேல்மூலை 91.5 பாகைக்குக் கிட்ட, மற்றது 88.5. ரெண்டிலும் 45இல் வெட்டினால் ஒன்றில் உள்பக்கம் வாய் திறக்கும், ஒன்றில் வெளிப்பக்கம். மாமா பாகைமானி எதையும் தொடுவதில்லை. ரெண்டு பட்டியையும் அதனதன் இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பிடித்து, குறுக்கே போகும் இடத்தில் உள்புள்ளியையும் வெளிப்புள்ளியையும் பென்சிலால் குறித்து, ரெண்டையும் கோட்டால் சேர்த்து அறுக்கிறார். மூலை எந்தப் பாகையில் இருந்தாலும் கோடு அதைச் சரிபாதியாகப் பிரித்துவிடும். அவசரமென்றால் சரிவு வெட்டே வேணாம், ரெண்டு காலையும் நிறுத்தி மேல்பட்டியை அவற்றின் தலையில் படுக்க வைத்தால் கோணல் பாதி ஒளிந்துவிடும் என்பார்.

உள்விளிம்பு நிலையின் ஓரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளி, மேலிருந்து கீழ் வரை அதே கால் அங்குலமாக ஓடணும். கண் முதலில் பார்ப்பது அந்த இடைவெளியைத்தான், அது கூடிக் குறைந்தால் கோணல் உடனே தெரியும். கோணலை வெளிவிளிம்புக்குத் தள்ளிவிடணும். அதற்கு அகலமான பட்டியாக எடுத்து, சுவரோடு வைத்துக் கோடு இழுத்து, சாந்தின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப இழைப்புளியால் சீவணும். ஒரு முனையில் நாலு அங்குலம், இன்னொரு முனையில் மூன்று என்று வரும். யாரும் கவனிக்கமாட்டார்கள். மேல்பட்டிக்கு மட்டும் ரசமட்டம் சொல்வதைக் கேட்கக்கூடாது. பழைய லயத்தில் சீலிங்கும் சாய்ந்திருக்கும், பட்டி மட்டும் மட்டமாக இருந்தால் அதுதான் கோணலாகத் தெரியும். ரெண்டுக்கும் நடுவில் விட்டுவிடணும். சாந்து நிலையைவிடத் துருத்திக்கொண்டிருந்தால் பட்டியின் முதுகைக் குடைந்து எடுக்கணும்.

இவ்வளவும் தெரிந்த ஆள்தான் அன்றைக்கு அடிக்காமல் போனார். பீடிங் மூடுவது இடைவெளியை மட்டும் இல்லை, அதற்குள் இருக்கும் வெடிப்பையும்தான்.

மண் நகரத் தொடங்கும்போது வீட்டில் முதலில் தெரியும் அறிகுறிகளில் ஒன்று, அதுவரை ஒழுங்காகத் திறந்த கதவும் ஜன்னலும் இறுகுவது. நிலையின் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடும், நிலைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விரியும். மழையில் பலகை ஊதினாலும் கதவு இறுகும். ஆனால் அது வெயிலுக்குச் சரியாகிவிடும், சுவரில் வெடிப்பு விடாது. பழைய கோணலா, புதுக் கோணலா என்று மாமா கேட்டது இதைத்தான்.

இறம்பொடையில் மண்ணை நம்பமுடியாது என்பதற்கு ரோட்டைப் பார்த்தாலே போதும். சரிகிற மலையோரத்தில் பாதையைக் காப்பாற்ற முடியாமல்தான் சுரங்கம் குடைந்து 2008இல் திறந்தார்கள். நல்ல நிலத்தில் தேயிலை, மிச்ச நிலத்தில் லயம் என்பதுதான் பழைய கணக்கு. சரிவை ஒரு பக்கம் வெட்டி, வெட்டிய மண்ணை மறுபக்கம் கொட்டி, அந்த மட்டத்தில் நீளமாக ஒரு வரிசை. வெட்டிய பக்கம் இறுகிய மண், கொட்டிய பக்கம் பொலபொலத்த மண். நூறு வருஷத்தில் கொட்டிய பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், நடுச்சுவர் பள்ளத்துப் பக்கம் சாயும். பழைய கோணல் என்பது பெரும்பாலும் இதுதான், அதோடு வாழ்ந்துவிடலாம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை கொட்டி நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டோர் செத்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மலைகளில் மண்சரிவு எத்தனை வீடுகளை எடுத்தது என்று எல்லோரும் பார்த்தோம். அதற்குப் பிறகு எந்தக் கோணலையும் பழசு என்று சும்மா சொல்லிவிட ஏலாது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து ஆட்கள் வந்து பார்த்து, இங்கே இருக்கவேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் அடுத்த கேள்வி, எங்கே போறது? 2015க்குப் பிறகு 7 பேர்ச் காணியில் தனி வீடு என்று தொடங்கியது. இந்திய உதவியில் 4,000 வீடுகள், 2017 மே மாதம் நோர்வூட்டில் மோடி வந்து சொன்ன இன்னொரு 10,000. அந்த வீடு 550 சதுர அடி, ரெண்டு படுக்கையறை, குசினி, கழிப்பறை. லயக் காம்பராவைப்போல் நாலரை மடங்கு. அதில் உள்கதவு வரைபடத்திலேயே இருக்கிறது, யாரும் யாரையும் கேட்டுச் சுவரை உடைக்க வேண்டியதில்லை. எனக்கு அந்த வீடுகளின் நிறத்திலோ திறப்பு விழாவிலோ அக்கறை இல்லை, இந்த ஒரு மாற்றம் பெரிசு. ஆனால் லயத்தில் இருக்கிறவர்களின் கணக்கில் கட்டி முடிந்த வீடுகள் கொஞ்சம்தான். கட்டிய வீட்டுக்கும் உறுதி கையில் வராமல் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். உறுதி இல்லாத வீடு அகலமான லயம் என்று அத்தை சொல்வார். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தபோது காணியும் வீடும் நம்ம முக்கியமான கோரிக்கைகளில் இருந்தன. இன்னும் இருக்கின்றன.

பொங்கல் முடிந்து மாமா திரும்ப வந்தார். கையில் ஒரு உடைந்த ஜன்னல் கண்ணாடி. விரலகலத்துக்கு மூன்று துண்டு வெட்டி, நிலையின் மேல்மூலையிலிருந்து போகும் வெடிப்புக்குக் குறுக்கே மூன்று இடத்தில் சீமெந்துக் குழம்பு வைத்து ஒட்டினார். சுவர் ஒரு நூலளவு நகர்ந்தாலும் கண்ணாடி தாங்காது, உடையும். பக்கத்திலேயே பென்சிலால் தேதி எழுதினார். வெடிப்பின் ரெண்டு நுனியிலும் ஒரு கோடு, நீண்டால் தெரியுமாம். கண்ணாடி உடைந்தாலோ, மேல்வரிசைக்கு மேலே தேயிலை மலையில் புது வெடிப்பு கண்டாலோ, ஊற்று கலங்கி வந்தாலோ, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடணும், சாமான் கட்டிக்கொண்டிருக்கக்கூடாது என்று அத்தையிடம் ரெண்டு தடவை சொன்னார். லயத்தில் மற்ற காம்பராக்களிலும் இதையே செய்யச் சொல்லி மிச்சக் கண்ணாடியைக் கொடுத்துவிட்டுப் போனார். ஏழு வீட்டில் ஒட்டியிருக்கிறார்கள்.

போன முறை போனபோது பார்த்தேன், மூன்று துண்டும் முழுசாக இருந்தது. வலது காலுக்கும் மேலுக்கும் பீடிங் அடித்தாயிற்று, வெட்டுவாய் தெரியாமல் அழகாக உட்கார்ந்திருக்கிறது. வெடிப்பு இருக்கும் இடது பக்கத்துப் பட்டி மட்டும் இன்னும் சுவரில் சாய்ந்தபடிதான் இருக்கிறது. தென்மேல் மழை ஒரு தடவை பெய்து முடியட்டும், பிறகு அடிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.